350 ரூபாய் மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பும் அப்பாவின் மாருதி 800-உம்

எங்கள் வண்டி 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். இரண்டு மாதம் முன்பு காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ரேஸ் கொடுத்தால் சத்தமும் கூடவே ஏறும். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "என்ஜின் பேரிங் போச்சும்மா, இறக்கணும், 25 ஆயிரம் ஆகும்" என்றார்கள். வண்டியை விற்றாலே எவ்வளவு கிடைக்கும்? மனசு கேட்கவில்லை, வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்த ஸ்டெதாஸ்கோப்பை வாங்கினேன். டாக்டர் வைத்திருப்பதைப் போலவேதான் இருக்கும், மார்பில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக ஒரு சின்ன டப்பாவும் அதில் திருகி மாட்டுகிற ஒரு சாண் இரும்புக் கம்பியும். கம்பி நுனி தொடுகிற இடத்துச் சத்தம் நேராகக் காதுக்கு வரும். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்களே, அதே வேலைதான். ஆனால் ஓடுகிற பெல்ட்டுக்கு அருகில் தலையைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

முதல் நாள் பயந்துவிட்டேன். எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று அடித்துக்கொள்வது போலவே கேட்டது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரில் வைத்தால் 'டிக் டிக்' என்று பளிச்சென்று வரும், அது நல்ல சத்தம்தான். டேப்பட், அதாவது வால்வைத் தட்டித் திறக்கிற பாகம், அதன் சத்தமும் டிக் டிக்தான், ஆனால் அது என்ஜினின் மேல்மூடியான வால்வு கவரில் கேட்கும். வால்வுகளை இயக்குகிற தண்டான கேம் ஷாஃப்ட் என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஐடிலில் 900 சுற்று என்றால் ஒரு வால்வுக்கு நிமிடத்துக்கு 450 தட்டு. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் கனமான 'டொக் டொக்', மேடு ஏறும்போது இன்னும் பலமாக வரும். என் வண்டியில் அந்த டொக் எங்குமே இல்லை. ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற விளக்கும் ஸ்டார்ட் ஆனதும் உடனே அணைந்துகொண்டிருந்தது.

கம்பியை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். வால்வு கவர், அமைதி. வாட்டர் பம்ப், சீரான ரீங்காரம். பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்நேட்டரின் உடம்பில் வைத்ததும் மணலை அம்மியில் போட்டு அரைப்பது போல ஒரு சத்தம். காதிலிருந்து சட்டென்று எடுத்துவிட்டேன்!

அதையும் உறுதி செய்ய, என்ஜினை அணைத்துவிட்டு ஆல்டர்நேட்டரைச் சுற்றுகிற ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டேன். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் அதற்கு மேல் ஓட்டினால் என்ஜின் சூடேறிவிடும். கர்ர்ர் காணாமல் போயிருந்தது. ஆல்டர்நேட்டர் புல்லியைக் கையால் சுற்றினால் விரலிலேயே சொரசொரப்பு தெரிந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். இரண்டு பேரிங்கும் கூலியும் சேர்த்து 900 ரூபாய். பழைய பேரிங்கை என் கையில் கொடுத்தார். உள்ளே கிரீஸ் காய்ந்து கறுத்து, சுற்றினால் நடுவில் நடுவில் சிக்கிச் சிக்கி நின்றது.

குறை என்றால், காதில் வைக்கிற பிளாஸ்டிக் குமிழ் கால் மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும். கம்பி திருகு அடிக்கடி லூஸாகிறது, லூஸானால் அதுவே ஒரு போலிச் சத்தம் போடும். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: துப்பட்டாவைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நிமிடத்திலும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு முறை எல்லா இடத்திலும் வைத்துக் கேட்டுப் பழகுங்கள், அப்போதுதான் கெட்ட சத்தம் பிடிபடும். நான் இப்போது மாதம் ஒரு ஞாயிறு கேட்கிறேன். போன வாரம் வால்வு கவரின் ஒரு ஓரத்தில் லேசாக டிக் டிக். அடுத்த சர்வீஸில் டேப்பட் அட்ஜஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும்.