பழைய காருக்கு எந்த செட்? ஜேசி ரோடு போகும் முன் ஒரு அலசல்

வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால் எஞ்சினுக்கு முன்னால் செட்டுக்குத்தான் கிழடு தட்டுகிறது. சிடியை உள்ளே இழுத்து உடனே துப்பும். பென் டிரைவ் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. புளூடூத் இருந்தாலும் பல பழைய செட்டுகளில் அது போன் பேசுவதற்கு மட்டும்தான், பாட்டுக்கு இல்லை.

பெங்களூரில் இதற்கு எல்லாரும் போகிற இடம் ஜேசி ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை கார் சாமான் கடைகள்தான். தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் எடுத்துக் காட்டுவது ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரையைத்தான். "சார், யூடியூப் ஓடும், மேப் ஓடும், ரிவர்ஸ் கேமரா ஃப்ரீ" என்பார்கள். அதற்குத் தலையாட்டும் முன் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு, மேப், போன் எல்லாமே இப்போது கைபேசிக்குள் இருக்கின்றன. காரில் இருக்கும் பெட்டி அந்த ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுத்தால் போதும். தானும் ஒரு கம்ப்யூட்டராக இருக்கப் பார்க்கிற பெட்டி, காரைவிடச் சீக்கிரம் பழசாகிவிடும்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன் பிறகு எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பித்தால் ஐந்து வருஷம். 2013-இல் பதிவான வண்டி என்றால் 2028-இல் அந்த வேலை வரும். அப்போது வண்டியைக் கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால், முப்பதாயிரம் ரூபாய்த் திரையை மாட்டுவது அடுத்தவருக்குக் கொடுக்கும் சீதனம். விற்கும்போது செட்டுக்கென்று யாரும் தனியாக விலை போட மாட்டார்கள்.

செட்டை மாற்றாமலே சமாளிப்பது

லைட்டர் சாக்கெட்டில் செருகும் புளூடூத் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் பட்டையில் காலியாக இருக்கும் ஓர் இடத்தில் கைபேசிப் பாட்டை ஒலிபரப்பும், செட் அதைப் பிடித்துக்கொள்ளும். பெங்களூரில் அந்தக் காலி இடம் கிடைப்பதுதான் பாடு. 91.1, 91.9, 92.7, 93.5, 94.3, 98.3, 104 என்று தனியார் நிலையங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகாசவாணிக்கு 101.3-இல் ரெயின்போ, 102.9-இல் விவித பாரதி. ஊருக்குள் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்தாலும் ஓசூர் தாண்டினால் நிலவரம் மாறும். கிருஷ்ணகிரியை நெருங்க நெருங்க 102.5-இல் தருமபுரி வானொலி தலைகாட்டும். தவிர, எஃப்எம் வழியில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வராது. ஜால்ரா, சலங்கை ஓசையெல்லாம் நுனியில் கொஞ்சம் மழுங்கும்.

செட்டில் ஆக்ஸ் ஓட்டை (வெளியிலிருந்து ஒயர் செருகிப் பாட்டுக் கொடுக்கும் துளை) இருந்தால் எஃப்எம் பக்கமே போக வேண்டாம். சின்ன புளூடூத் ரிசீவர் ஒன்றை அதில் செருகினால் ஒலி பல மடங்கு சுத்தம். ஒரே தொல்லை, ரிசீவருக்கு லைட்டர் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் ஏறலாம். ஆல்டர்னேட்டரின் சத்தம் கிரவுண்ட் வழியாகச் சுற்றி உள்ளே வருவது அது. ஜேசி ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எஸ்பி ரோட்டில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேளுங்கள், சில நூறு ரூபாய்தான். அதை ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் செருகினால் இரைச்சல் அடங்கும். வண்டியைச் சீக்கிரம் விற்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஒற்றை டின் புளூடூத் செட்

பழைய ஆல்டோ, ஜென், 800 போன்ற வண்டிகளில் இருக்கும் செட் ஓட்டை 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். அதுதான் ஒற்றை டின். சோனி, பயனியர், ஜேவிசி, புளாபங்க்ட் எல்லாரும் சிடி வைக்காத, புளூடூத்தும் யூஎஸ்பியும் மட்டும் உள்ள செட் போடுகிறார்கள். சுமாராக நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய். சிடி எந்திரம் இல்லாததால் நகரும் பாகம் எதுவும் கிடையாது. மேடு பள்ளத்தில் அடி வாங்கிக் கெட்டுப்போக உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் திருகு. சில்க் போர்டு நெரிசலில் பக்கத்து பைக்கைப் பார்த்தபடியே கையால் தடவி வால்யூமைக் குறைக்கலாம். திரையில் அதைச் செய்ய வேண்டுமென்றால் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்தாக வேண்டும்.

அட்டைப் பெட்டியில் '50 வாட் x 4' என்று இருக்கும். அதற்கு மயங்க வேண்டாம். செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட். உள்ளே தொடர்ந்து போகக்கூடியதே அவ்வளவுதான் என்னும்போது வெளியே 200 வாட் எங்கிருந்து வரும்? போவதிலும் ஒரு நல்ல பங்கு சூடாகவே வீணாகும். ஆக ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் கிடைத்தால் பெரிது. 50 என்பது ஒரு கண நேர உச்சம். ஆனால் காருக்குள் அந்த 15 வாட்டே தாராளம், ஸ்பீக்கர் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள டபுள் டின்

டபுள் டின் என்பது ஒற்றை டின்னைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள, திரை வைத்த செட். ஆப்பிள் கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதற்கு அடுத்த வருஷமும் காருக்குள் வந்தன. இவற்றில் வேலையெல்லாம் கைபேசியில் நடக்கிறது, காரின் திரை அதைக் காட்டுவதோடு சரி. மேப் புதுப்பிப்பது, தமிழ்ப் பாட்டு ஆப் போடுவது எல்லாம் கைபேசியிலேயே நடந்துவிடும். அடுத்த கைபேசி வாங்கும்போது காருக்கும் வேகம் கூடிவிடும். அதனால்தான் ஆண்ட்ராய்டு திரையைவிட இது எனக்கு உயர்த்தி.

விலைதான் இடிக்கிறது. பேர் பெற்ற கம்பெனியின் செட் பதினெட்டாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரம் வரை போகும், ஒயர் இல்லாமல் இணைவது இன்னும் மேலே. ஓலாவுக்கும் ஊபருக்கும் ஓட்டுகிறவர்கள், தினமும் புதுப் புது இடம் தேடிப் போகிறவர்கள், இவர்களுக்கு இந்தப் பணம் தகும். வீட்டிலிருந்து அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை அல்சூர் முருகன் கோயில், அப்புறம் வருஷத்துக்கு இரண்டு முறை ஊர் என்று ஓடும் வண்டிக்கு முந்நூறு ரூபாய் மொபைல் ஸ்டாண்டே மேப் காட்டிவிடும்.

வாங்குவதென்றால் கடையிலேயே திரையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனி பட்டதும் வேலை செய்தால் கெபாசிட்டிவ், நகத்தால் அழுத்த வேண்டியிருந்தால் ரெசிஸ்டிவ். பழைய மாடல்கள் சில இன்னும் இரண்டாவது வகையில் விற்கின்றன. அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு திரை

இதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் பெரிய திரை, கேமரா, ஸ்டீயரிங் பட்டன் இணைப்பு, கார்பிளேகூட. பழைய டாஷ்போர்டு ஒரே நாளில் புது வண்டி மாதிரி ஆகிவிடும். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

வில்லங்கம் உள்ளே இருக்கிறது. 4 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 13 என்று செட்டிங்ஸில் தெரியும். அந்த எழுத்தை விற்பவர் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பது இந்த வியாபாரத்தில் ஊரறிந்த ரகசியம். பெயரை நம்புவதைவிட சிப் எது என்று கேட்பது நல்லது. யூஐஎஸ்7862 என்ற எட்டு கோர் சிப் இருந்தால் ஓரளவு நிமிர்ந்து ஓடும். "அதெல்லாம் எதுக்கு சார், சூப்பரா ஓடும்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம். விலை குறைந்தவற்றில் ஒன்றரை வருஷத்தில் மேப் திறக்கவே யோசிக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று பேட்டரி. இந்தத் திரை முழுதாக அணைந்து மறுபடி ஏற நேரம் எடுக்கும் என்பதால், சாவியை எடுத்த பிறகும் பல செட்டுகள் அரைத்தூக்கத்தில் இருக்கும். நல்ல செட் அப்போது மிகக் கொஞ்சம்தான் குடிக்கும். மட்டமான ஒன்று 100 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர் (Ah). சின்னக் காரின் பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான், பத்து நாளில் 24 காலி. வீட்டிலிருந்தே வேலை பார்த்து, காரை வாரக்கணக்கில் பேஸ்மெண்டில் நிறுத்தி வைக்கும் இந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மாட்டியதும் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் கொடுத்து, வண்டி அணைந்திருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரை யாரும் கேட்பதில்லை

மேலே சொன்ன எதை வாங்கினாலும் ஒலி மாறுவது முன் கதவு ஸ்பீக்கரில்தான். கம்பெனி போட்ட காகிதக் கூம்பு பத்து வருஷ ஈரத்திலும் வெயிலிலும் நமத்து, ஓரம் வெடித்திருக்கும். பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஐயாயிரத்துக்கு ஒற்றை டின் செட், மூவாயிரத்துக்கு முன் கதவுக்குக் கோஆக்ஸியல் ஸ்பீக்கர் (பெரிய கூம்பின் நடுவிலேயே சின்ன ட்வீட்டரும் இருப்பது) ஒரு ஜோடி, மிச்சத்துக்கு அதிர்வை அடக்கக் கதவுத் தகரத்தில் ஒட்டும் டேம்பிங் ஷீட். பாடகரின் குரல் காலடியிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு நேரே வந்து நிற்கும். அதே பத்தாயிரத்துக்கு ஆண்ட்ராய்டு திரை மட்டும் வாங்கினால், நமத்துப்போன பழைய ஸ்பீக்கரில் பெரிய படத்தோடு பாட்டு கேட்கலாம்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட் எண்ணைவிட சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 90 டெசிபலும் அதற்கு மேலும் இருந்தால், ஆம்பிளிஃபயர் இல்லாமல் செட்டின் சக்தியிலேயே நன்றாகப் பாடும். பின் ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிடலாம். பூட்டில் பெட்டி வைத்து அதிரவிடுவது வேறு மதம், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

மாட்டுகிற இடத்தில்

"கப்ளர் இருக்கா அண்ணா, ஒயர் வெட்டாம போடுவீங்களா?" ஜேசி ரோட்டில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். உங்கள் வண்டிக்கும் புது செட்டுக்கும் நடுவில் செருகும் கப்ளர் சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்க ஒயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினால், டேப் பசை சூட்டில் இளகி ஒரு நாள் ஷார்ட் ஆகும். முதல் தலைமுறை ஸ்விஃப்ட் மாதிரி டாஷ்போர்டோடு சேர்ந்த வடிவத்தில் செட் வந்த வண்டிகளுக்குத் தனி ஃபிரேமும் வேண்டும். டொயோட்டாக்களில் ஓட்டையின் அகலம் 200 மில்லிமீட்டர், 180 செட்டைப் போட்டால் இரு பக்கமும் பட்டை வைக்க வேண்டியிருக்கும்.

மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டும் மாறிவிட்டால் சாவியை எடுக்கும்போதெல்லாம் சேமித்த ஸ்டேஷன்கள் அழியும். சில ஐரோப்பிய வண்டிகளில் கப்ளரிலேயே இந்த இரண்டும் இடம் மாறி வரும். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுகிற அவசரக்காரர்களும் உண்டு, அப்போது செட் சாவிக்கு அடங்காது. எனவே கிளம்பும் முன் ஸ்டேஷன் ஒன்றைச் சேமித்து, சாவியை எடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியாக ஒலிக்க வைத்துப் பாருங்கள், வலது இடது மாறியிருந்தால் அப்போதே தெரியும். கழற்றிய பழைய செட்டையும் அதன் கிளாம்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அது கடையிலேயே தங்கிவிடும்.