பதினோராம் நம்பர் மலையும் மூன்று கிளவுட் சேவைகளும்

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எதிரே இருக்கிற பதினோராம் நம்பர் தேயிலை மலையைக் கண்டு மூன்று நாளாகிறது. ஜூன் மாதம் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் அப்படித்தான், எல்லாம் மேகம். வாசலில் நிற்கிற என் கண்ணுக்கே படாத மலை, 786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைப் படம் எடுத்துக்கொண்டு போகிற சென்டினல்-2 செய்மதிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இதை நான் விளையாட்டுக்கு யோசிக்கவில்லை. எங்கள் தோட்டத்து டிவிசனில் எந்தெந்த மலைகள் கைவிடப்பட்டு மானா என்கிற காட்டுப்புல் ஏறிக் கிடக்கின்றன என்று இளைஞர் சங்கத்தில் ஒரு வரைபடம் கேட்டார்கள். புவியியல் படித்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரு பழைய மடிக்கணினியும் போன் டேட்டாவும்தான். ஒரு சென்டினல்-2 படத்தை முழுசாக இறக்க ஏறத்தாழ 800 எம்பி போகும். இரண்டு படம் இறக்கினால் அந்த மாத டேட்டா காலி. அதனால் வேறெங்கோ இருக்கிற கணினிகளில் இணையம் வழியாக வேலை செய்ய விடும் கிளவுட் சேவைகள் மூன்றை முயன்று பார்த்தேன்.

முதலில் கொப்பர்நிகஸ் பிரவுசர். ஐரோப்பியர்களுடையது. கணக்குத் திறந்தால் போதும், காசு இல்லை. எதையும் இறக்காமல் தேதியைத் தேர்ந்து, மேக அளவைக் குறைத்துவைத்து, திரையிலேயே படத்தைப் பார்க்கலாம். முதல் நாள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நாலு பேர்ச். வீடு கட்ட எங்களுக்கென்று சொல்லப்பட்டு வந்த ஏழு பேர்ச் காணி அதில் இரண்டு புள்ளிகூடத் தேறாது. மலைகளைப் பார்க்கலாம், வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே தொடங்குங்கள்.

எனக்குக் கைகொடுத்தது கூகுள் ஏர்த் என்ஜின். படம் நம்மிடம் வருவதில்லை, நாம் எழுதுகிற நாலு வரிக் கட்டளைதான் அங்கே போகிறது. கணக்கெல்லாம் அவர்களுடைய கணினியில் நடந்து, விடை மட்டும் திரும்பி வரும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலே வேலை நடக்கும். மேகத்துக்கும் இங்கே ஒரு வழி உண்டு. இரண்டு வருடப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் தெளிவாக இருந்த நாட்களை மட்டும் எடுத்து நடுமதிப்பை வாங்கினேன். மே முதல் ஆகஸ்ட் வரை எடுத்த படங்களில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை, ஜனவரியும் பெப்ரவரியும்தான் காப்பாற்றின. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிய வேண்டும். வணிகமல்லாத வேலைக்குத்தான் இலவசம். தோட்டக் கம்பனிக்குச் செய்து காசு வாங்குவதென்றால் கட்டணம் கட்ட வேண்டும்.

பச்சை குறைந்த இடமெல்லாம் சிவப்பாக வரும்படி வரைபடம் செய்து பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பதினோராம் நம்பர் முழுக்கச் சிவப்பு.

"அது கவ்வாத்து மலை தம்பி. போன மாசந்தான் வெட்டுனாங்க. இன்னும் மூணு மாசத்துல தளிர் வந்துரும்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவது. திரும்பிப் போய் அந்த மலையின் பச்சை எப்படிக் கூடிக் குறைந்தது என்று ஐந்து வருடக் கோடு வரைந்து, மானா ஏறின ஒரு மலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கவ்வாத்து வெட்டின மலையின் கோடு செங்குத்தாக விழுந்து பிறகு மெல்ல ஏறுகிறது. மானா ஏறின மலையின் கோடு அப்படிச் செங்குத்தாக விழுவதே இல்லை, வெயிலுக்குக் காய்ந்து மழைக்குப் பச்சையாகி ஒவ்வொரு வருடமும் ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எனக்கு எந்தச் சேவையின் உதவிப் பக்கமும் சொல்லவில்லை.

மூன்றாவது, மணிக்கணக்கில் கணினி வாடகைக்கு விடும் ஒரு கம்பனி. பெயர் வேண்டாம். நமக்குக் கிட்ட இருக்கட்டுமே என்று சிங்கப்பூர் கணினியை எடுத்தேன். நான் எடுத்த படங்களோ அமெரிக்கக் களஞ்சியத்தில் கிடந்தன. கணினி படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நமக்குப் பக்கத்தில் அல்ல. அது புரிவதற்குள் ஒரு கிழமை போயிற்று. பிறகு கோயில் திருவிழா வந்தது, கணினியை நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அண்ணனின் வங்கி அட்டையில் 41 டொலர் கழிந்திருக்கிறது. கணினி நின்றாலும் அதன் வட்டுக்கு வாடகை ஓடுமாம். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் ஒரே பதில், எழுத்து மாறாமல். அண்ணன் இன்னும் சரியாகக் கதைப்பதில்லை. பெரிய குழுவும் பட்ஜெட்டும் உள்ளவர்களுக்கு அது நல்ல சேவையாக இருக்கலாம். எனக்கு ஐந்தில் ஒன்று.

ஏர்த் என்ஜினில் சென்டினல்-1 ராடார் படங்களும் இருக்கின்றன. ராடாருக்கு மேகமும் இருட்டும் ஒரு பொருட்டில்லை. ஆனால் நம் சரிவுகளில் ஒரு பக்கம் நிழலில் விழுந்துவிடும், மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து தெரியும், தேயிலைக்கு அதை நம்ப முடியவில்லை. தண்ணீருக்கு நல்லது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கன்னங்கரேலென்று விழுகிறது, வரட்சியில் அதன் ஓரம் உள்ளே சுருங்குவதை மாதம் மாதமாகப் பார்க்கலாம்.

அதைக் காட்டும்போது அம்மா கேட்டார், பாட்டி சாமான் வாங்கப் போன பழைய மஸ்கெலியா டவுன் இதில் தெரியுமா என்று. தண்ணீர் வற்றும்போது மேலே வருகிற கோயிலைத்தான் அவருக்குத் தெரியும், டவுனை அவர் பார்த்ததில்லை. பூமியைப் படம் எடுக்கும் அமெரிக்கர்களின் முதல் லேண்ட்சாட் செய்மதி மேலே போனதே 1972இல்தான், ஊர் அதற்கு முன்பே தண்ணீருக்குள் போய்விட்டது என்றேன். "அப்ப இவ்வளவு கணினி வச்சும் அதப் பாக்க ஏலாதா?" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார்.