பாஸ்பர் வெண்கலத்திற்கு ஐசிபி-ஓஇஎஸ்: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வார்ப்பாலையின் ஆய்வுக்கூடத்தில் ஈராண்டாக ஓடும் ஐசிபி-ஓஇஎஸ் கருவியைப் பற்றிய மதிப்பீடு இது. கரைசலைச் சூடான பிளாஸ்மாவில் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் உமிழும் ஒளியைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கும் கருவி அது. தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். குறை கருவியில் இருப்பதைவிட அதை விற்ற விதத்தில்தான் அதிகம்.

செயல்விளக்கத்தில் விற்பனையாளர் ஓட்டிக் காட்டியது நீர்த்த பல்தனிமத் தரக்கரைசல், அதாவது பல தனிமங்கள் தெரிந்த அளவில் கலந்த கரைசல். எல்லா எண்களும் அழகாகப் பொருந்தின. நாங்கள் சோதிப்பதோ செம்பில் வெள்ளீயமும் சிறிது பாஸ்பரஸும் கலந்த பாஸ்பர் வெண்கலம். அதில் பாஸ்பரஸ் 0.1 விழுக்காடு என்றால் செம்பு ஏறத்தாழ 94 விழுக்காடு, அதாவது 900 மடங்குக்கும் மேல். மென்பொருள் தானாகத் தேர்ந்த பாஸ்பரஸ் கோடு (அத்தனிமம் ஒளி உமிழும் குறிப்பிட்ட அலைநீளம்) 213.618 நானோமீட்டர், செம்பின் கோடு ஒன்று 213.598-இல் இருக்கிறது. இடைவெளி வெறும் 0.020 நானோமீட்டர் என்பதால், இவ்வளவு செம்பு இருக்கும்போது அதன் உச்சியின் சரிவு பாஸ்பரஸின் இடத்திலும் படிந்துவிடுகிறது. ஐயம் எழுந்து தூய செம்பை மட்டும் கரைத்துக் கொடுத்தோம். அதிலும் பாஸ்பரஸ் இருப்பதாகக் கருவி கூசாமல் காட்டியது.

முறையிட்டபோது இட்ரியத்தை அகத்தரமாக, அதாவது எல்லாக் கரைசல்களிலும் ஒரே அளவில் இருக்கும் ஒப்பீட்டுத் தனிமமாக, சேர்க்கச் சொன்னார்கள். கரைசலின் பாகுநிலையாலும் அதை நுண்துளிகளாக்கும் நெபுலைசருக்குள் செல்லும் வேகத்தாலும் வரும் பிழையை அது ஈடுசெய்யும். வேறொரு தனிமத்தின் ஒளி கலப்பதை அது எப்படிப் பிரிக்கும்? செம்பின் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஆயினும் பெரிய எண்ணிலிருந்து அதற்கு நெருங்கிய இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து எஞ்சும் சிறு மிச்சத்தை நம்ப வேண்டியிருப்பதால், செம்பின் அளவீடு சற்றே தடுமாறினாலும் பாஸ்பரஸின் முடிவு குலைந்துவிடுகிறது.

இறுதியில் 178.2 நானோமீட்டர் கோட்டுக்கு மாறி, அளவுத்திருத்தக் கரைசல்கள் அனைத்திலும் மாதிரியில் உள்ள அளவுக்கே தூய செம்பைச் சேர்த்தோம். அதன்பின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளின் மதிப்புகள் ஒத்துவந்தன. ஈயம், இரும்பு, நிக்கல் ஆகியவற்றில் தொடக்கம் முதலே குறையில்லை. வெள்ளீயம் மட்டும் சில நாள் குறைவாக வந்தது. அதற்குக் கருவியைப் பழிக்க முடியாது. நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கரைத்ததால் அது வெண்படிவாகத் தங்கிவிட்டது, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்த பிறகு சரியாயிற்று.

புதிய கோட்டுக்கு ஒரு விலை உண்டு. 190 நானோமீட்டருக்குக் கீழே காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒளியை உறிஞ்சிவிடுவதால், எங்கள் கருவியின் ஒளியியல் அறைக்குள் ஆர்கானை ஓயாமல் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். வாங்கும்போது தந்த விலைப்பட்டியலில் இந்த வாயுச் செலவு எங்குமே இல்லை.