கெர்னல் என்எஃப்எஸ் சர்வரில் எரர் ரிப்ளை: எந்த வழி சரி?

வேறொரு கணினியில் உள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறைதான் என்எஃப்எஸ். லினக்ஸ் கெர்னலுக்குள் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓடும் என்எஃப்எஸ் சர்வரால் ஒரு கோரிக்கையை முடிக்க முடியவில்லை. கிளையண்டுக்கு என்ன பதில் போக வேண்டும்? எரர் பாதையை, அதாவது தப்பு நேரும்போது ஓடும் கோடை, திருத்துபவர் முன் நாலு வழிகள் உண்டு.

பதிலே அனுப்பாமல் விடுவது எழுத மிகச் சுலபம். போய்ச் சேருவதற்கு உத்தரவாதம் தராத யுடிபியில் பாக்கெட் தொலைவது சகஜம், கிளையண்ட் திரும்பக் கேட்கும். இணைப்பு வைத்து நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபியில் அப்படி விடவே கூடாது. இணைப்பு அறுந்தால் ஒழிய சர்வர் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கைவிடக் கூடாது என்கிறது என்எஃப்எஸ் பதிப்பு 4-க்கான தர ஆவணம், ஆர்எஃப்சி 7530. கிளையண்டும் இணைப்பு அறுந்தால்தான் மறுபடி அனுப்பலாம். ஆக, கைவிட்டால் பயனரின் புரோகிராம் உறைந்து நிற்கும், காரணமும் தெரியாது.

இணைப்பை அறுப்பது முரட்டு வழி. ஆனால் பதிலின் பாதி பைட்டுகள் வெளியே போய்விட்ட பிறகு தடைப்பட்டால் வேறு வழியில்லை. முன்னால் அனுப்பிய நீளக் கணக்கு தப்பாகி, அடுத்த பதிலை இதன் மிச்சமாகக் கிளையண்ட் படித்துவிடும்.

ஆர்பிசி (என்எஃப்எஸ் கோரிக்கைகளையும் பதில்களையும் சுமக்கும் அடுக்கு) மட்டத்தில் மறுப்பது மூன்றாவது. கோரிக்கையையே பிரித்துப் படிக்க முடியாதபோது ஆர்பிசி எரர் கோடு 4 (தப்பான ஆர்க்யுமென்ட்) பொருத்தமானது. 5 (சிஸ்டம் எரர்) அனுப்பினாலோ பயனருக்கு வெறும் ஐஓ எரர்தான் மிஞ்சும்.

நான் முதலில் நாடுவது நான்காவது வழியான என்எஃப்எஸ் ஸ்டேட்டஸ் கோடு. மெமரி போதாத நேரத்தில் 10008 ("இப்போது முடியாது, பிறகு கேள்") அனுப்பினால், கிளையண்ட் கொஞ்சம் பொறுத்துத் தானே மறுபடி கேட்கும், புரோகிராம் பிழைக்கும். ஆனால் இங்கே இரண்டு குழிகள். வெற்றி ஸ்டேட்டஸும் பாதி விவரங்களும் பஃபரில் (பதிலைச் சேர்த்து வைக்கும் மெமரி) ஏறிய பிறகு எரர் வந்தால், அதை அப்படியே கடைசியில் ஒட்டக் கூடாது. ஸ்டேட்டஸ் தொடங்கிய இடம் வரை பஃபரைப் பின்னுக்கு வெட்டி, அங்கே எரரை எழுத வேண்டும்.

இரண்டாவது இன்னும் ஆழம். கோப்பின் பெயரை மாற்றும் ரீநேம் வட்டில் முடிந்துவிட்டது, பதில் எழுதத்தான் இடம் போதவில்லை. அப்போது 10008 போனால் கிளையண்ட் அதே ரீநேமை மறுபடி கேட்கும். பழைய பெயர் இல்லாததால், நடந்து முடிந்த வேலைக்கு "கோப்பு இல்லை" என்று பதில் வரும். எந்த எரர் கோடும் இதைச் சரிசெய்யாது. அதனால்தான் பதிப்பு 4-ல், எதையாவது மாற்றும் செயல் என்றால் பதிலுக்கு இடம் இருக்கிறதா என்பதை லினக்ஸ் சர்வர் செயலைத் தொடங்கும் முன்பே பார்க்கிறது. நம் திருத்தம் அந்தச் சோதனைக்குப் பின்னால் புதிதாக எதையும் பதிலில் சேர்த்தால், சோதனையின் அளவுக் கணக்கையும் கூடவே மாற்ற வேண்டும்.