பிரான்ஸ் கிராமப்புறத்தில் சைக்கிள்: பசுமைப் பாதையா, வெள்ளைக் கோடா?

பிரான்ஸில் வண்டித் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மோட்டார் வண்டி நுழையவே கூடாது என்று பலகை நட்டிருக்கும் ‘வுவா வெர்த்’, அதாவது பசுமைப் பாதை. மற்றது, கார் போகத் தடை ஏதும் இல்லை, ஆனால் போகத்தான் ஆளில்லை என்கிற கிராமச் சாலை; வரைபடத்தில் அது வெள்ளைக் கோடு. லியோனில் இருந்துகொண்டு பல வருடங்களாக இரண்டிலும் ஓட்டிவருகிறேன். சுற்றுலா விளம்பரங்கள் முதல் வகையைத்தான் தூக்கிப் பிடிக்கும். மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டாவதை.

பசுமைப் பாதைகளைக் குறை சொல்லும் முன் அவற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நாட்டின் முதல் வுவா வெர்த் லியோனுக்கு வடக்கே பர்கண்டி வட்டாரத்தில், ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கி.மீ. நீளத்துக்கு 1997இல் திறந்தது. ரயில் நின்றுபோன பழைய தடம் அது. இப்படிப்பட்ட தடங்கள் பிரான்ஸில் ஏன் இத்தனை என்றால், 1879இல் ஃப்ரெய்சினே என்ற பொதுப்பணித் துறை அமைச்சரின் திட்டப்படி சின்ன ஊர்களுக்கும் ரயில் போக வேண்டும் என்று கிளைப் பாதைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அப்புறம் காரும் பஸ்ஸும் வந்தன, கிளைப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். நீராவி இன்ஜின் செங்குத்தாக ஏறாது. அதனால் இந்தத் தடங்களில் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, காலுக்கு மட்டும் லேசாகத் தெரியும். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்தச் சமதளமே அலுத்துவிடும். பல இடங்களில் பாதை மண்ணை வெட்டிய பள்ளத்துக்குள் ஓடும்; இரு பக்கமும் புதர்தான், ஊர் தெரியாது. ஊர்கள் மேட்டில், ஸ்டேஷன் கீழே என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்துவிட்டு ஊரையே பார்க்காமல் கடந்துவிடுவோம். சாலையைக் கடக்கும் இடத்திலெல்லாம் கார் நுழையாமலிருக்க மரத்தடுப்பு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து, வளைந்து, மறுபடி மிதிக்க வேண்டும். சில பழைய பகுதிகளில் மரவேர்கள் தாரைக் கீழிருந்து தூக்கிவிட்டிருக்கின்றன, 25 மி.மீ. டயரில் ஒவ்வொரு வேரும் மணிக்கட்டில் அடிக்கும். ஞாயிறு மதியம் கேட்கவே வேண்டாம்: ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள், நீளமான கயிற்றில் நாய், நான்கு பேர் வரிசையாகக் கைகோத்து நடை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அது அவர்களுக்கும் சேர்த்துப் போட்ட பாதை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக வேண்டுமென்றால் நாம்தான் வேறு இடம் பார்க்க வேண்டும்.

குளூனியிலிருந்து தெற்கே மாக்கோன் பக்கம் போகும் நீட்சியில் ஒரு விதிவிலக்கு உண்டு. புவா கிளேர் சுரங்கம், 1.6 கி.மீ. நீளம். ஜூலை வெயிலில் சட்டை நனைய வந்து அதற்குள் நுழைந்தால் முதல் நூறு மீட்டரிலேயே முதுகு சில்லிட்டுவிடும். கையுறையைக் கழற்றி வைத்தவர்கள் உள்ளே மறுபடி தேடுவார்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது மலைமேல் ஏறித்தான் இறங்க வேண்டும். குளிர்காலத்தில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். மிஷெலின் வரைபடத்தில் பெரிய சாலை சிவப்பு, அடுத்தது மஞ்சள், மிச்சமெல்லாம் வெள்ளை. எனக்கு இருப்பது ஒரே விதிதான்: வெள்ளையில் போ, முடியாவிட்டால் மஞ்சளைத் தொடு, சிவப்பைக் குறுக்கே மட்டும் கட. 1 செ.மீ.க்கு 1.5 கி.மீ. அளவுள்ள தாள் வரைபடம் இதற்குப் போதும். அதில் சாலைமேல் குட்டி அம்புக்குறி ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். போன் செயலிகள் நல்லவைதான், ஆனால் அவை இரண்டு கி.மீ. மிச்சப்படுத்துவதற்காக நம்மை லாரிச் சாலையிலோ, திடீரென்று டிராக்டர் தடத்திலோ இறக்கிவிடும். வீட்டில் தாளைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, வழியில் போனைப் பார்ப்பதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

இந்தச் சாலைகள் ஏன் காலியாக இருக்கின்றன? நாட்டில் மொத்தம் சுமார் 11 லட்சம் கி.மீ. சாலை. அதில் ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. கம்யூன் எனப்படும் ஊராட்சிகளின் பொறுப்பு. இருபது வீடு உள்ள குக்கிராமத்துக்கும் தார்ச்சாலை போகும், ஒன்றுக்கு இரண்டாகவும் போகும். தூரப் பயண வண்டிகளை நெடுஞ்சாலை இழுத்துக்கொண்டுவிட்டது. லியோனுக்கு வடக்கே சோன் ஆற்றங்கரையில் ஏ6 நெடுஞ்சாலை ஓடுகிறது; சுங்கம் கட்ட மனமில்லாதவர்களும் லாரிகளும் அதன் பக்கத்திலேயே போகும் பழைய என்6இல், இப்போதைய பெயர் டி906, ஓடுகிறார்கள். அந்த இரண்டையும் விட்டு மேற்கே ஐந்து கி.மீ. தள்ளிப் போனால் வேறு உலகம்.

எனக்குப் பிடித்த ஒரு நாள் வழியைச் சொல்கிறேன். லியோனிலிருந்து பிராந்திய ரயிலில் தூர்னு. சைக்கிளோடு ஏறலாம், ஆனால் ஒரு பெட்டியில் சில சைக்கிளுக்குத்தான் இடம் இருக்கும் என்பதால் காலை முதல் வண்டி நல்லது. தூர்னுவில் செயின்ட் ஃபிலிபேர் மடாலயக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டி14ஐப் பிடித்தால் ஓஸனே வழியாக மெல்ல ஏறி பிரான்சியோன் கணவாய். இது வரைபடத்தில் மஞ்சள்தான், ஆனாலும் காலையில் காலி. கணவாய்க்கு மேலே கோட்டையும் மதிலுமாக ஒரு பழைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம் இறக்கம், நீண்ட சீரான வளைவுகள், பிரேக் அதிகம் வேண்டியதில்லை. கீழே ஷாப்பேஸ் என்ற சிற்றூர். 11ஆம் நூற்றாண்டுக் கல் கோயிலின் கோபுரம் ஊருக்கே பெரிதாக நிற்கும். அங்கிருந்து கொர்மத்தான் வரை வயல்களுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் பல பிரிகின்றன. எதை எடுத்தாலும் ஷரோலே இன வெள்ளை மாடுகள் வேலியோரம் வந்து நின்று பார்க்கும். கொர்மத்தானில் பசுமைப் பாதையில் ஏறி, குளூனி, சுரங்கம், மாக்கோன், ரயில். பசுமைப் பாதையை இப்படிக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு, கால் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்வதுதான் சரியான பயன்பாடு என்பது என் கட்சி.

இனி வெள்ளைச் சாலைகளின் குறைகள். கார் குறைவு என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. முதலாவது ஜல்லி. கோடையில் சாலையைப் புதுப்பிக்கும்போது தாரைத் தெளித்து மேலே பொடி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கார்களின் டயர் அழுத்தி அழுத்தித்தான் அது அமர வேண்டும். கார் அதிகம் போகாத சாலையில் யார் அழுத்துவது? வாரக் கணக்கில் உதிரியாகவே கிடக்கும், அதுவும் வளைவின் வெளி ஓரத்தில் குவிந்து. ‘கிராவியோன்’, அதாவது பொடி ஜல்லி, என்ற பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, சக்கரத் தடம் பதிந்த கோட்டிலேயே போங்கள். வெயில் உச்சத்தில் தார் இளகி ஜல்லி டயரில் ஒட்டும். ஓட்டிக்கொண்டே கையுறையால் டயரைத் துடைக்கிற கலை ஒன்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நின்று துடைப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது, வலப்பக்க முன்னுரிமை. ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் இதே சட்டம். டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வருவார், தப்பு அவருடையது அல்ல. ஓட்டுநர்களைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய புகார் இல்லை. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலோர் விடுகிறார்கள், இடமில்லாவிட்டால் பொறுமையாகப் பின்னால் வருகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை ஐந்து, ஆறு மணி மட்டும் விதிவிலக்கு. சொந்த ஊர்ச் சாலை என்ற உரிமையில் பறப்பார்கள்.

சாப்பாடும் தண்ணீரும் தனிக் கதை. மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை கடை மூடல், ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டு, திங்கள்கிழமை பல பேக்கரிகளுக்கு விடுமுறை. சில ஊர்களில் கடையே கிடையாது. நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறேன், வெயிலிலும் கெடாது. தண்ணீருக்கு இங்கே எல்லா சைக்கிள்காரருக்கும் தெரிந்த இடம் கல்லறைத் தோட்டம். எந்தக் குக்கிராமத்திலும் ஒன்று இருக்கும், பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

மற்ற வட்டாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துலூஸிலிருந்து மேற்கே கரோன் கால்வாய், 193 கி.மீ., முழுக்கத் தார், பிளேன் மர நிழல். அஜான் ஊரில் கால்வாயே கரோன் ஆற்றின் மேல் 539 மீட்டர் பாலத்தில் கடக்கிறது, பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் இரண்டாம் நாள் மதியம் எனக்குத் தூக்கம் வந்தது. அதே துலூஸிலிருந்து கிழக்கே போகும் மிதி கால்வாய்தான் பேர்போனது. தொடக்கப் பகுதி தார், பிறகு மண்ணும் வேரும். அகல டயர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். பூஞ்சை நோயால் மரங்களை வெட்டிய இடங்களில் நிழலும் இல்லை. போர்தோ பக்கத்தில், 1937 டூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ரோஜே லப்பேபியின் பெயரில் உள்ள பழைய ரயில் பாதை மட்டும் ரோடு பைக்குக்குப் பொருந்தும் பசுமைப் பாதை: வளைவு உண்டு, லேசான ஏற்ற இறக்கம் உண்டு, திராட்சைத் தோட்டம் கண்ணில் படும். அன்னெசி ஏரிக்கரைப் பாதை அழகு, ஆனால் கோடை ஞாயிறில் திருவிழாக் கூட்டம்.

காலம் என்று கேட்டால் மே, ஜூன், செப்டம்பர். செப்டம்பரில் திராட்சை அறுவடை வண்டிகள் சாலையில் மண்ணும் சாறுமாகச் சிந்திவிட்டுப் போகும், வளைவில் வழுக்கும். வேட்டைக் காலமும் அப்போதே தொடங்கி பிப்ரவரி வரை நீளும். காட்டோரத்தில் வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அந்தக் காட்டை விட்டு வேறு வெள்ளைக் கோட்டைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆரஞ்சு நிற மேலங்கி இல்லாமல் கிளம்புவதில்லை.