ராஜசாரஸ் உருவம்: கொம்பு சரி, துண்டறிக்கை சரியில்லை

டைனோசர் பொம்மை என்றாலே கடைகளில் டைரனோசாரஸ்தான் முன்வரிசையில் நிற்கும். இந்திய மண்ணில் கிடைத்த ராஜசாரஸுக்கும் ஓர் உருவம் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டதும், விலை 1,450 ரூபாய் என்றபோதும் தயங்காமல் மகளுக்கு வாங்கினேன்.

முதலில் தலையைப் பாராட்ட வேண்டும். குஜராத்தின் ரஹியோலியில் 1982 முதல் 1984 வரை தோண்டியெடுக்கப்பட்டு, 2003இல் ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்று பெயர் பெற்ற இந்த ஊனுண்ணிக்கு, மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து உருவான மழுங்கிய ஒற்றைக் கொம்பு இருந்தது. செய்தவர்கள் அதைக் காண்டாமிருகக் கொம்புபோல் கூராக்கிவிடாமல், நெற்றிமேட்டில் தாழ்ந்து திரண்ட குமிழாகவே வடித்திருக்கிறார்கள். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரிகிறது. பின்னங்கால்கள் தடித்துக் குட்டையாக இருப்பதும் சரியே. தாங்கி இல்லாமலே சாயாமல் நிற்கிறது.

குறை, பெட்டிக்குள் இருக்கும் துண்டறிக்கையில் இருக்கிறது. "முழு எலும்புக்கூட்டின் அடிப்படையில் வடிக்கப்பட்டது" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியொரு முழு எலும்புக்கூடு கிடைக்கவே இல்லை. மூளைப்பெட்டகம், முதுகெலும்பின் சில பகுதிகள், இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் எலும்புகள்தான் கிடைத்தன. அவையும் வேறு விலங்குகளின் எலும்புகளோடு கலந்து கிடந்தவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவத்ஸவா, எந்த எலும்பு எங்கே கிடந்தது என்று அன்றே வரைபடம் வரைந்து வைத்திருந்ததால்தான், பின்னால் வந்த ஆய்வாளர்களால் ஒரே விலங்கின் எலும்புகளைப் பிரித்தறிய முடிந்தது. பொம்மையைவிடச் சுவையான இந்தக் கதைக்குத் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

"அப்பா, இதோட விரல் எங்கே கிடைச்சுது?" என்று மகள் கேட்டாள். கிடைக்கவில்லை, மடகாஸ்கரில் வாழ்ந்த அதன் உறவான மஜுங்காசாரஸைப் பார்த்து ஊகித்திருப்பார்கள் என்றேன். அந்த ஊகத்தில் தவறில்லை. ஊகம் என்று சொல்லாததுதான் தவறு. அளவிலும் இதே அலட்சியம் தெரிகிறது. பெட்டியின் மேல் 1:35 என்று இருக்கிறது; உருவத்தின் நீளம் 21 சென்டிமீட்டர். பெருக்கினால் 7.35 மீட்டர் வருகிறது, துண்டறிக்கையோ 11 மீட்டர் என்கிறது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு 6.6 மீட்டர்தான்.

ஆகவே உருவத்தை வாங்கலாம், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். துண்டறிக்கையை எடுத்து வைத்துவிட்டு, கிடைத்த எலும்புகள் எவை என்பதை நீங்களே உருவத்தின்மேல் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். துடைத்தால் போய்விடும், சாயம் உரியவில்லை.