மிப்பியா, யூஎஸ்பியா, கிக்-ஈயா: சின்ன போர்டுக்கு எந்தக் கலர் கேமரா?

கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். சின்ன போர்டில் (ஒற்றை அட்டைக் கணினியில்) ஓடும் இயந்திரப் பார்வைக்கு, அதாவது கேமரா படத்தைப் பார்த்துக் கணினியே முடிவெடுக்கும் வேலைக்கு, அதைக் கடைசியில் கேட்டால் போதும். படம் எந்த வழியாக (போர்டின் சிப்புக்கு நேராகப் போகும் பட்டை கேபிளான மிப்பி, யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிளான கிகாபிட் ஈதர்நெட்டில் வரும் கிக்-ஈ) போர்டுக்குள் வருகிறது, அதைக் கலராக்குவது யார் வேலை என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் பாதிக் கேமராக்கள் தானாகக் கழன்றுவிடும்.

கலராக்குவது என்றால்? வழக்கமான கலர் சென்சாரில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் தெரியும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: பாதிப் பிக்சல் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மீதி நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும்.

1440 × 1080 சென்சாரை நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் கலராக்காமல் அப்படியே (பேயர் வடிவில்) அனுப்பினால் நொடிக்குச் சுமார் 93 மெகாபைட். கேமராவே கலராக்கி அனுப்பினால் மூன்று மடங்கு, 280. ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் நடைமுறையில் 115 சொச்சம்தான் போகும். ஆக, கிக்-ஈ கேமரா என்றால் பேயர் வடிவில் வாங்கி போர்டில் கலராக்க வேண்டும். அந்தச் சுமை சிபியூ தலையிலோ ஜிபியூ தலையிலோ விழும். யூஎஸ்பி 3-இல் இரண்டுமே அடங்கும். மிப்பியில் கதையே வேறு. போர்டின் சிப்பில் ஐஎஸ்பி (படத்தைக் கலராக்கிச் சீர்செய்யும் தனிச் சுற்று) இருந்தால், சிபியூவைத் தொடாமலே கலர் தயாராகிவிடும்.

அப்படியானால் மிப்பிதானே? அவசரப்படாதீர்கள். அதன் பட்டை கேபிள் 30 சென்டிமீட்டர் சுமாருக்கு மேல் நீண்டால் சிக்கல். சென்சாருக்கென்று தனி டிரைவர் மென்பொருள் வேண்டும். கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) மாற்றினால் அது உடையலாம். ஐஎஸ்பியையும் சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஏற்ப டியூன் செய்ய வேண்டும். கேமராவும் போர்டும் ஒரே பெட்டிக்குள் இருந்து, எண்ணிக்கையும் அதிகம் என்றால் இந்தப் பாடு தகும். பத்துப் பெட்டிக்குத் தகாது.

முதல் மாதிரிப் பெட்டியைச் செய்து பார்க்க யூஎஸ்பி 3-ஐ எடுங்கள். சாதாரண கேபிள் 3 மீட்டர் வரை நம்பலாம். திருகு வைத்த கனெக்டர் இல்லாவிட்டால் அதிர்வில் கழலும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஆன்டெனா பக்கத்தில் இருந்தால் அதையும் தொந்தரவு செய்யும். தூரம் என்றால் கிக்-ஈதான்: 100 மீட்டர், அதே கேபிளில் மின்சாரமும் போகும். யூஎஸ்பி 3, கிக்-ஈ இரண்டும் ஜென்ஐகாம் என்ற பொதுக் கேமரா மொழியைப் பேசுவதால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் நிரலில் பெரிய மாற்றம் வராது.

ஷட்டரில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பொருள் நகர்ந்தால் குளோபல், அதாவது எல்லா வரியையும் ஒரே நேரத்தில் பிடிப்பது. நொடிக்கு 1 மீட்டர் ஓடும் பெல்ட்டில், 20 மில்லிநொடியில் வரிவரியாகப் படிக்கும் ரோலிங் சென்சாரின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் பொருள் 2 சென்டிமீட்டர் போயிருக்கும். வட்ட மூடி சாய்ந்த முட்டையாகிவிடும். பொருள் நின்றபடி இருந்தால் ரோலிங் போதும், செலவும் மிச்சம்.

அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன் செய்வது. மூடிகளை நிறம் பார்த்துச் சோதிக்கும் வேலையில் ஒருமுறை அதன் ஆட்டோவை அணைக்க மறந்துவிட்டேன். மஞ்சள் மூடிகள் ஃபிரேமை நிறைத்தபோதெல்லாம் கேமரா நீலத்தை ஏற்றி மஞ்சளை வெளுக்கடித்தது. நல்ல மூடியெல்லாம் கழிவுத் தட்டில். லென்ஸைத்தான் முதலில் திட்டினேன்! சாம்பல் அட்டை வைத்து ஒருதரம் சரி செய்து பூட்டியதும் அடங்கியது. அந்த மதிப்பைப் பூட்டி, கேமராவிலேயே சேமிக்க விடாத மாடலை எந்த விலைக்கும் தொடமாட்டேன்.

சிவப்பா நீலமா என்று மட்டும் பிரிக்க வேண்டுமா? கலர் கேமராவே வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கேமராவும் சிவப்பு எல்இடியும் போதும்: சிவப்பு வெளுத்துத் தெரியும், நீலம் கறுத்துப் போகும்.